பித்தளை உறை டைவிங் கத்தி, அதுல அடிச்ச பேர் முத்திரை (ஸ்டாம்ப்) போட்டோல விழவே மாட்டேங்குது, ஹெல்ப் ப்ளீஸ்

கரைவலை:
வணக்கம், தலையில உலோக ஹெல்மெட் மாட்டி கடலுக்குள்ள இறங்கி வேலை செய்ற டைவரோட பழைய கத்தி ஒண்ணு கைக்கு வந்திருக்கு, மரக் கைப்பிடி, பித்தளை உறை, உள்ள விட்டு மரையில திருகி மூடுற டைப். உறைல தேஞ்ச எழுத்து இருக்கு, கண்ணால பாத்தா சீபே கோர்மன்னு (டைவிங் சாமான் செஞ்ச பிரிட்டிஷ் கம்பெனி) படிக்க வருது, போன்ல எடுத்தா பளீர்னு வெள்ளையடிச்சிடுது. மினுக்கத்த குறைக்கிற சிபிஎல் ஃபில்டர லென்ஸ்ல போட்டும் மாறல. பிராசோ பாலிஷ் போட்டு தேச்சிட்டு எடுக்கலாமா? அப்புறம் பிளேடுல ஒரு பக்கம் ரம்பம், ஒரு பக்கம் வழவழன்னு இருக்கே, எதுக்கு?

மங்கல்லென்ஸ்:
ஐயோ பிராசோ வேணாம்! ஏற்கனவே தேஞ்ச எழுத்து, இருக்கிற கொஞ்சமும் போயிடும், பழைய நிறம் போச்சுன்னா சேகரிக்கிறவங்க விலையும் பேச மாட்டாங்க. சிபிஎல் தண்ணி, கண்ணாடி மினுக்கத்துக்குத்தான், வெறும் உலோகத்துல அது பெருசா எதுவும் பண்ணாது. ரூம் லைட்ட அணைச்சிட்டு ஒரு டார்ச்ச உறைக்கு பக்கத்துல, கிட்டத்தட்ட படுக்க வச்ச மாதிரி அடிங்க, குழியெல்லாம் நிழலாகி எழுத்து தானா எழும்பும். எதிர்ப்பக்கம் கருப்பு சார்ட் பேப்பர் வைங்க. ஃப்ளாஷ் வேணவே வேணாம், எக்ஸ்போஷர இறக்கிடுங்க. பிளேடுக்கு இது ஆகாது, அது எதிர்ல இருக்கிறதத்தான் காட்டும், அதனால ரெண்டு பக்கமும் வெள்ளை தெர்மாகோல், லைட்டுக்கு முன்னாடி பட்டர் பேப்பர்.

ஆழம்பாத்தவன்:
தம்பி, ஸ்டாம்ப் மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க, மொராதாபாத் பக்கம் அலங்காரத்துக்கு செய்ற பித்தளை சாமான்லயும் இதே பேர் அடிச்சு வருது. பிளேடு கைப்பிடிய தொடுற இடத்த குளோசப் எடுத்து போடுங்க. உப்புத்தண்ணில பித்தளையும் எஃகும் ஒட்டிக் கிடந்தா எஃகுதான் சீக்கிரம் அரிக்கும், கடல்ல வேலை பாத்த கத்தின்னா அங்க குழிகுழியா இருக்க வாய்ப்பு அதிகம். சாணை பிடிச்சு பிளேடு ஒடுங்கியிருக்கான்னும் பாருங்க.

மரை எதுக்குன்னா, ஹெல்மெட் டைவர் குனிஞ்சும் படுத்தும் வேலை செய்றவன், சும்மா சொருகி வச்சா நழுவி சேத்துல போயிடும். அமெரிக்க நேவி 1916ல ஏத்துக்கிட்ட மார்க் 5 ஹெல்மெட் டைவிங் செட்டோட வந்த கத்தியும் இதே மாதிரி பித்தளை உறை திருகுதான். ரம்பம் நனைஞ்ச தடிக் கயிறுக்கு, வழவழ பக்கம் மெல்லிசு கயிறு, கேன்வாஸுக்கு. சுறாவோட சண்டைக்குன்னு சொல்லி விக்கிறவன நம்பாதீங்க.

கரைவலை:
அண்ணே டார்ச் வேலை செஞ்சிடுச்சு, 'கோர்மன்' முழுசா தெரியுது! இப்ப அந்த குளோசப்தான் பிரச்சனை, திரும்ப மூடி வச்சது, மரை பாதி கழன்டு இறுகி நிக்குது, கத்தி வெளிய வரல.

ஆழம்பாத்தவன்:
மரக் கைப்பிடிய பிடிச்சு முறுக்காதீங்க, உள்ள இருக்கிற ஆணி லூஸாயிடும். மரைல துரு எடுக்கிற ஆயில் விட்டு ராத்திரி பூரா விடுங்க, காலைல உறைய மட்டும் ஹேர் ட்ரையர்ல சூடாக்கிட்டு, பித்தளை வளையத்துல ரப்பர் ஷீட் சுத்தி திருப்புங்க. இடுக்கி போட்டா பல்லு பதிஞ்சிடும்.

மங்கல்லென்ஸ்:
மறக்காம பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு எடுங்க, அளவு இல்லாத போட்டோவ வச்சு யாராலயும் ஒப்பிட முடியாது.