அட்டப்பாடி ஊர்களில் கர்ப்பிணிகளிடம் உணவைப் பற்றிப் பேசத் தொடங்குவது எப்படி?

ஆனைகட்டி வாசகி:
வணக்கம். கேரளத்தின் அட்டப்பாடியில், சோலையூர் பஞ்சாயத்தின் இருளர் பழங்குடி ஊர்களுக்குச் சென்று, கர்ப்பிணிகளிடம் உணவு, இரத்தசோகை, பரிசோதனை ஆகியவற்றைப் பற்றிப் பேசும் தன்னார்வக் குழுவில் சேர்ந்துள்ளேன். என் தமிழ் அவர்களுக்குப் புரிகிறது. எனினும் கூட்டம் முடியும்வரை ஒருவரும் வாய் திறப்பதில்லை. பேச்சை எங்கிருந்து தொடங்குவது, யாரிடம் அனுமதி பெறுவது என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

அகளி ஆசிரியர்:
முதலில் ஊர்த் தலைவரான மூப்பனைச் சந்தித்து, வந்த நோக்கத்தைச் சொல்லுங்கள். அவருக்குத் துணையாகக் குறுதலை (உதவித் தலைவர்), வண்டாரி (பொருளாளர்), மண்ணுக்காரன் (விவசாயப் பொறுப்பாளர்) ஆகியோர் உள்ளனர். விதைப்புக் காலத்தில் கூட்டம் வைக்காதீர்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த எஸ்.டி. புரமோட்டரையும் (பழங்குடியினருக்கான அரசு நலத்திட்டங்களை ஊருக்குக் கொண்டுசேர்க்கும் பணியாளர்) உடன் அழைத்துச் செல்லுங்கள்.

புதூர் செவிலி:
ஆசிரியர் ஐயா சொன்னது சரிதான். ஆனால் மூப்பன் தருவது கூட்டத்துக்கான அனுமதியே தவிர, ஒரு பெண்ணின் இரத்த அளவையோ கருச்சிதைவையோ பலர் முன்னிலையில் சொல்வதற்கான அனுமதி அன்று. அவற்றை அவளுடைய வீட்டில், அவளிடம் மட்டுமே பேச வேண்டும்.

சகோதரி, அவர்களுடைய மௌனத்துக்கு மொழி காரணமென்று நான் நினைக்கவில்லை. 2013-இல் அட்டப்பாடியில் பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது அதிகாரிகளும் கேமராக்களும் ஊர்களுக்குள் வந்தனர். நிலம் கைவிட்டுப் போனதையும், ராகியும் சாமையும் இருந்த தட்டில் ரேஷன் அரிசி மட்டும் மிஞ்சியதையும் விட்டுவிட்டு, தாய்மார்களின் உணவுப் பழக்கத்தைக் குறை கூறியவர்களும் உண்டு. ஆகவே "இப்படிச் சாப்பிடக் கூடாது" என்று தொடங்கும் பேச்சு அங்கே குற்றச்சாட்டாகவே ஒலிக்கும். பிள்ளை பெற்றவளுக்கு முன்பெல்லாம் என்ன கொடுத்தீர்கள் என்று மூத்த பெண்களிடம் கேளுங்கள். ராகிக் களி, துவரை, கீரை என அவர்களே சொல்லத் தொடங்கிவிட்டால், இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றி அதனுடன் சேர்த்துச் சொல்வது எளிது. அங்கே சிறுதானியச் சாகுபடியை மீட்க அரசே தனித் திட்டம் தொடங்கியிருப்பதையும் நினைவூட்டலாம்.

இன்னொன்று: இருளர் பேச்சு தமிழுக்கு நெருக்கமானது என்பதாலேயே, வயதில் மூத்த இருளர்களையும் ஒருமையில் விளிக்கும் வழக்கம் நம் பக்கத்திலிருந்து செல்லும் சிலரிடம் உண்டு. அது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. அம்மா, ஐயா, அக்கா என்றே அழையுங்கள்.

ஆனைகட்டி வாசகி:
மிக்க நன்றி, அக்கா. புதூர்ப் பக்கத்தில் உள்ள இன்னொரு பழங்குடியான குறும்பர் ஊர்களுக்கும் இதே முறை பொருந்துமா?

புதூர் செவிலி:
அப்படியே பொருந்தாது. அவர்கள் காட்டுக்குள் தள்ளி வாழ்கிறார்கள், பேச்சும் வேறு. பள்ளிப் பிள்ளைகளை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். தாயின் உடல்நிலையைப் பிள்ளையின் வாயால் கேட்பது இருவருக்கும் சங்கடம். குறும்பர் சமூகத்துப் பெண் புரமோட்டர் ஒருவர் கிடைக்கும்வரை காத்திருந்து செல்லுங்கள்.