‘ஹேங்’ ஆவதற்குத் ‘தொங்கல்’ வேண்டாம், ‘காத்துக்கிடப்பு’ என்போமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

என்எஃப்எஸ் (வேறொரு கணினியில் உள்ள கோப்புகளைப் பிணையம் வழியாகப் பயன்படுத்தும் முறை) கையேட்டின் தமிழாக்கத்தில் ‘ஹேங்’ (நிரல் அசையாமல் நின்றுவிடுவது) என்று வரும் இடங்களில் ‘தொங்கல்’ என்றே போட்டுவிடலாம் என்று இருவர் எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. சொல் அழகாக இல்லை என்பது என் குறை அல்ல. சிக்கலைத் தேடுகிறவரை அது தவறான இடத்துக்கு அனுப்பிவிடும்.

அங்கே நடப்பது என்ன? ஒரு நிரல் வேறொரு கணினியில் உள்ள கோப்பைப் படிக்கக் கேட்கிறது. கெர்னல் (இயக்குதளத்தின் கரு) அந்தக் கோரிக்கையை, கோப்பை வைத்திருக்கும் கணினியான வழங்கிக்கு (சர்வர்) அனுப்புகிறது. பதில் வரவில்லை. ‘ஹார்டு’ முறையில் மவுண்ட் செய்திருந்தால் (அதாவது, அந்தக் கோப்பமைப்பை நம் கணினியோடு இணைத்திருந்தால்) கெர்னல் பிழை என்று சொல்லிக் கைவிடாது, திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கும். லினக்ஸில் டிசிபி என்ற பிணைய நெறிமுறை வழியாக என்றால் ஒரு முறைக்கு இயல்பாக 60 நொடி பொறுக்கும். (அமைப்பில் 600 என்று இருப்பதை 10 நிமிடம் என்று படித்துவிடுகிறார்கள். அந்த எண்ணின் அலகு நொடியில் பத்தில் ஒரு பங்கு. கையேட்டில் இதற்குத் தனிக் குறிப்பே போடவேண்டும்.) பதில் வரும்வரை நிரல், ஓடும் நிரல்களைக் காட்டும் ‘பிஎஸ்’ பட்டியலில் ‘டி’ (குறுக்கிட முடியாத உறக்கம்) என்ற எழுத்தோடு நிற்கும். லினக்ஸ் இந்த ‘டி’ நிலையில் இருப்பவற்றையும் சுமைச் சராசரியில் (‘லோட் ஆவரேஜ்’) சேர்த்து எண்ணுவதால், சிபியு சும்மா இருக்கும்போதே சுமை ஏறிக்கொண்டு போகும்.

ஆக, இந்தக் கணினியில் எதுவும் பழுதாகவில்லை. அது யாருக்காகவோ காத்திருக்கிறது. தொங்கல், உறைவு, முடக்கம் மூன்றுமே ‘இங்கேதான் கோளாறு’ என்கின்றன. நானே அப்படி நினைத்து ஏமாந்திருக்கிறேன். முதல் முறை இதைப் பார்த்தபோது, வட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டும் ‘டிஎஃப்’ கட்டளையை அடித்தேன், திரும்பி வரவில்லை. இன்னொரு முனையத்தைத் திறந்து அதையே அடித்தேன், அதுவும் நின்றது. வட்டு போய்விட்டது என்று முடிவு கட்டி, ஒரு முழுக் காலைப்பொழுதும் வட்டையே சோதித்துக்கொண்டிருந்தேன். டிஎஃப் மவுண்ட் ஆன ஒவ்வொரு கோப்பமைப்பையும் விசாரிக்கும், அதில் ஒன்று வாய் திறக்காவிட்டாலும் நின்றுவிடும் என்பது அப்போது தெரியாது. கெர்னல் பதிவில் ‘வழங்கி பதில் தரவில்லை, இன்னும் முயல்கிறது’ என்ற வரி காலையிலிருந்தே கிடந்தது.

‘வழங்கிச் செயலிழப்பு’ என்று ஒருவர் பரிந்துரைத்தார். திசை சரிதான், ஆனால் வழங்கி நலமாக இருக்கும்போதும் இது வரும். இரு முனைகளிலும் 9000 பைட் ஜம்போ ஃபிரேம் (வழக்கத்தைவிடப் பெரிய பொட்டலம்) போட்டு, நடுவில் உள்ள சுவிட்ச் 1500 பைட் வரை மட்டும் விடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பைச் சோதிக்கும் ‘பிங்’ போகும். சின்னக் கோப்பு திறக்கும். ஆயிரக்கணக்கான கோப்புகள் உள்ள அடைவில் பட்டியல் கேட்டு ‘எல்எஸ்’ அடித்தால் அப்படியே நின்றுவிடும். சிறிய பொட்டலம் போய்ச் சேர்கிறது, பெரியது வழியிலேயே விழுகிறது. இதற்கு வழங்கியைக் குற்றம் சொல்லும் சொல் எப்படிப் பொருந்தும்?

அதனால்தான் ‘காத்துக்கிடப்பு’ என்கிறேன். ‘காத்திருப்பு’ ஏற்கெனவே இயல்பான காத்தலுக்குப் புழங்குகிறது. வட்டிலிருந்து தரவு வரச் சில மில்லிநொடி ஆவதும் காத்திருப்புதான். ‘காத்திருந்தேன்’ என்பதற்கும் ‘காத்துக்கிடந்தேன்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பின்னதில் முடிவு தெரியாத நேரம் இருக்கிறது, எழுந்து போக முடியாத நிலை இருக்கிறது. என்எஃப்எஸ்ஸில் நடப்பது இதுவேதான். வினையாகவும் அப்படியே வளையும்: காத்துக்கிடக்கிறது, காத்துக்கிடக்கும் நிரல்.

நீளம் என்பீர்கள். சரி, நீளம்தான். ‘கிடப்பு’ என்று வெட்டினால் ‘கிடப்பில் போடுவது’ நினைவுக்கு வருகிறது. யாரோ வேண்டுமென்றே ஒதுக்கி வைத்ததாகிவிடும். எனக்கு முழுச்சொல்லே போதும்.

‘டி’ நிலைக்குச் ‘சாகா உறக்கம்’ என்று வந்த பரிந்துரையையும் மாற்றச் சொல்வேன். நிரலை வலிந்து நிறுத்தும் ‘கில் -9’ கட்டளைகூட வேலை செய்யாது என்பது பழைய கதை. 2008-இல் வந்த கெர்னல் 2.6.25 முதல், என்எஃப்எஸ் பதிலுக்காக நிற்கும் நிரல் பெரும்பாலும் அந்தக் கொல்லும் சமிக்ஞைக்கு மட்டும் செவிசாய்க்கும். மற்றச் சமிக்ஞைகளுக்கு அசையாது. பட்டியலிலோ கொல்ல முடிகிற உறக்கம், முடியாத உறக்கம் இரண்டுக்கும் ஒரே ‘டி’தான். ‘சாகா’ என்று எழுதினால் படிப்பவர் முயன்றே பார்க்காமல் கணினியை மறுதொடக்கம் செய்துவிடுவார். ‘கலையா உறக்கம்’ போதும்.

அப்புறம், ஹார்டு, சாஃப்ட் (சில முறை முயன்றுவிட்டுப் பிழை சொல்லிக் கைவிடுவது) இரண்டுக்கும் வன், மென் என்பது எதையும் சொல்லவில்லை. ‘விடாப்பிடி மவுண்ட்’, ‘கைவிடும் மவுண்ட்’ என்றால் பெயரிலேயே எச்சரிக்கை வந்துவிடும். காத்துக்கிடப்பு வேண்டாம் என்று இரண்டாவதுக்கு மாறுகிறவர்கள், எழுதும் நடுவில் கைவிடப்பட்டால் தரவு கெடக்கூடும் என்பதை யோசிப்பதில்லை.

இரண்டாம் இயலுக்கு எழுதிப் பார்த்த வரி இது: “நிரல் காத்துக்கிடந்தால், அதைக் கொல்லும் முன் எந்த வழங்கியின் பதிலுக்காகக் காத்துக்கிடக்கிறது என்று பாருங்கள்.” இதில் ‘தொங்கினால்’ என்று மாற்றிப் படித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.