மெட்டி ஒலி நடிகர்கள் பழைய நாட்களைப் பேசும்போது கண் கலங்குவது நிஜந்தானா?

செவ்வாய்ப்பேட்டைக்காரி

எல்லோருக்கும் வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வீட்டு முன்கட்டில் அப்பாவின் வெள்ளிப் பட்டறை, பின்கட்டில் நாங்கள். சன் டிவியில் மெட்டி ஒலி நாடகம் ஓடிய 2002 முதல் 2005 வரை நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். தினா இசையில் நித்யஸ்ரீ பாடிய தலைப்புப் பாட்டு ஆரம்பித்ததுமே பட்டறையில் பற்றவைக்கிறவர்கள் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அம்மா மடியில் தட்டை வைத்துக் கொலுசுக்குச் சலங்கை கோர்த்துக்கொண்டிருப்பார். பாட்டு முடியும்வரை விரல் ஓடும், மனைவியில்லாமல் பெண்களை வளர்க்கிற அப்பா சிதம்பரமாக நடித்த டெல்லி குமார் முகம் திரையில் வந்துவிட்டால் கை அப்படியே நின்றுவிடும். எங்கள் தாத்தாவும் மனைவியை இழந்து பெண்பிள்ளைகளைத் தனியாகக் கரையேற்றியவர், அம்மா அதில் மூன்றாவது. தாத்தாவைப் பற்றி அம்மா அதிகம் பேசியதில்லை, அந்த நாடகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் பேசுவார்.

இப்போது அம்மாவின் போனில் அந்த நடிகர்களின் பேட்டிதான் ஓடிக்கொண்டே இருக்கிறது. யார் பேசினாலும் அந்த நாடகத்தைச் சொல்லும்போது குரல் மாறிவிடுகிறது. நேற்று அம்மா சட்டென்று கேட்டார்: "ஏம்மா, இவங்க நிஜமாவே அப்படி நெனைக்கிறாங்களா, இல்ல பேட்டி எடுக்க வந்தவங்களுக்காகச் சொல்றாங்களா?" எனக்குப் பதில் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

அம்மாபேட்டை லைட்மேன்

அக்கா, நான் சென்னையில் சில வருடம் சீரியல்களில் லைட் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். மெட்டி ஒலியில் வேலை பார்த்ததில்லை, ஆனால் தினசரித் தொடர் எப்படி நடக்கும் என்று தெரியும் என்பதால் சொல்கிறேன். சினிமாவில் ஒரு நடிகர் சில வாரம் நடித்துவிட்டுப் போய்விடுவார், அப்புறம் எங்காவது விழாவில் பார்த்தால் உண்டு. சீரியல் அப்படி இல்லை. ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, மாதத்தில் பாதி நாள் அந்த ஒரே வீட்டில், அதே கூடம், அதே சமையலறை, அதே கிணற்றடி என்று வருடக்கணக்கில் போகும். கூடத்தில் ஷாட் ஓடும்போது பக்கத்து அறையில் மற்ற நடிகர்கள் பாயைப் போட்டுப் படுத்திருப்பார்கள், அங்கேயே ஒருத்தர் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பார். நான் வேலை பார்த்த தொடரில் அப்பாவாக நடித்த பெரியவர் சாப்பிட உட்கார்ந்தால், மகளாக நடித்த பெண்தான் முதலில் அவருக்குப் போட்டுவிட்டு அப்புறம் தன் இலைக்கு வரும். கேமரா எதுவும் ஓடவில்லை, நான் வெளிச்சத்தைத் திருப்பப் பிடிக்கிற தெர்மாகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர்கள் பக்கத்தில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மூன்று வருடம் அப்படி இருந்தால் பாசம் வராமல் எங்கே போகும்?

இன்னொன்று, பெயரையே பாருங்கள். வெங்கட் என்ற நடிகரை போஸ் வெங்கட் ஆக்கியது அதில் அவர் செய்த போஸ் பாத்திரம்தான். இன்றுவரை சினிமாவிலும் அதே பெயர். இயக்கி, கோபியாக நடிக்கவும் செய்த திருமுருகனை எங்கள் தெருவில் இப்போதும் கோபி என்றுதான் சொல்கிறார்கள். தலைப்புப் பாட்டுக்கு ஆடிய மாஸ்டர் சாந்தியை மெட்டி ஒலி சாந்தி என்றால்தான் தெரியும். கூப்பிடும்போதெல்லாம் அந்த நாடகமும் கூடவே வந்து நிற்கிறதே, அதை எப்படி மறப்பார்கள்? அம்மாவிடம் நிஜம்தான் என்று சொல்லுங்கள்.

ஏற்காட்டு மலையாள்

எனக்கு முழு உடன்பாடு இல்லை. பேட்டிகளில் கேட்கிற கேள்வி ஒன்றேதான், செட்டில் நடந்த சுவையான சம்பவம் சொல்லுங்கள் என்பார்கள், அவர்களும் போன பேட்டியில் சொன்னதையே சொல்வார்கள். அதை வைத்து மனதை அளக்க முடியாது. வாழ்க்கையில் என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

அதற்கு நான் சொல்கிற உதாரணம் மாணிக்கமாக நடித்த சேத்தன். மனைவி சரோவை அவர் படுத்திய பாட்டில் எங்கள் எஸ்டேட் லைன் வீட்டுப் பெண்கள் அவருக்கு விட்ட சாபம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஆனால் எனக்கு அவர் அதற்கும் முன்பே மர்மதேசம் என்ற தொடரின் விடாது கருப்பு பகுதியில் அறிமுகம். எஸ்டேட்டில் அப்போது இரண்டே டிவி. சாயங்காலம் மூடுபனி இறங்கினால் எதிரே இருக்கிற சில்வர் ஓக் மரமே தெரியாது, காற்றில் கிளை முறிந்து கம்பி மேல் விழுந்தால் கரண்டும் போய்விடும். அந்த இருட்டில், கருப்புசாமி குதிரையில் வருகிற காட்சியைப் பார்த்துவிட்டுக் காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் வீட்டுக்கு நடந்தவன் நான். தம்பி என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே வருவான்.

விடாது கருப்பில் சேர்ந்து நடித்த சேத்தனும் தேவதர்ஷினியும்தான் அப்புறம் நிஜ வாழ்க்கையில் கல்யாணம் செய்துகொண்டார்கள். அவர்கள் மகள் நியதி 96 படத்தில் தன் அம்மா செய்த பாத்திரத்தின் பள்ளிப் பருவத்தில் நடித்தாள். அந்த நாடகத்தைப் பற்றி அவர்கள் சிரித்துக்கொண்டே பேசும்போது எனக்குச் சந்தேகமே வராது, அவர்கள் குடும்பமே அங்கேதானே தொடங்கியது.

அதை எழுதிய இந்திரா சௌந்தர்ராஜன் நம் சேலத்தில் பிறந்தவர் என்பது இங்கேயே பலருக்குத் தெரியாது. மதுரையில் வாழ்ந்ததால் மதுரைக்காரர் என்றே நினைக்கிறார்கள். 2024 நவம்பர் 10 அன்று அவர் காலமானார், முந்தைய இரவுதான் டெல்லி கணேஷும் போயிருந்தார். அடுத்தடுத்து இரண்டு செய்தி, அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை.

குகை தறிவீடு

மலைக்காரர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மெட்டி ஒலியில் சிதம்பரத்தின் மகள்களில் லீலாவாக நடித்த வனஜாவும் விஜியாக நடித்த உமா மகேஸ்வரியும் நிஜத்திலும் கூடப்பிறந்த அக்கா தங்கை. உமா மகேஸ்வரி 2021 அக்டோபரில் சின்ன வயதிலேயே போய்விட்டார். 2020 ஊரடங்கில் மெட்டி ஒலியை மறுபடி போட்டபோது, தறி நின்று கையில் வேலை இல்லாமல் நாங்கள் நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்து அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம், அடுத்த வருடமே அந்தச் செய்தி. மற்ற நடிகர்களுக்கு அது பழைய வேலை, பழைய நண்பர்கள். அக்கா வனஜாவுக்கு அந்த நாடகத்தில் தங்கை இன்னும் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கிறாள். இதை எழுதும்போதே எனக்குத் தொண்டை அடைக்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்ப்பேட்டைக்காரி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அம்மாவுக்கு ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். லைட்மேன் தம்பி சொன்ன சாப்பாட்டு இலையைக் கேட்டதும், தாத்தாவுக்கும் மூத்த பெரியம்மாதான் முதலில் போடுவாராம், அவர் கை கழுவின பிறகுதான் மற்றவர்கள் உட்காருவார்களாம், அதை எனக்கு இதுவரை சொன்னதே இல்லை. லீலாவும் விஜியும் நிஜமாகவே கூடப்பிறந்தவர்கள் என்பது அம்மாவுக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மதுரையில் இருக்கிற சின்னச் சித்திக்குப் போன் போட்டார், விஷயம் ஒன்றும் இல்லை, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார். இன்று ராத்திரி முதல் பகுதியிலிருந்து மறுபடி பார்க்கலாம் என்கிறார். சலங்கைத் தட்டையும் எடுத்து வைத்துக்கொண்டார்.