பொருள்: நுண்ணூசித் திசு ஆய்வா, செல் ஆய்வா?

ஐயா, வணக்கம்.

உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளுக்கு ஆபரேஷனுக்கு முன்னால் செய்யும் ஊசிச் சோதனையை (ஆங்கிலத்தில் ஃபைன் நீடில் ஆஸ்பிரேஷன் சைட்டாலஜி) தமிழில் ‘நுண்ணூசித் திசு ஆய்வு’ என்று எழுதியிருந்தீர்கள். ஓசை நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தத் ‘திசு’ இடிக்கிறது. காரைக்குடியில் ஓர் ஆய்வகத்தில் நாள் முழுக்க இந்த ஸ்லைடுகளோடுதான் இருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

காதுக்குக் கீழே உருண்டையாக ஒரு வீக்கம். அதில் 23 கேஜ் ஊசியை (கேஜ் எண் கூடக் கூட ஊசி மெலியும்) செலுத்தி, சிரிஞ்சை இழுத்துப் பிடித்தபடி முன்னும் பின்னும் சில தடவை அசைப்போம். வருவது ஒரு சொட்டு. அதை ஸ்லைடில் விட்டு இன்னொரு ஸ்லைடால் தேய்க்கும்போது, பிளியோமார்ஃபிக் அடினோமாவாக (உமிழ்நீர்ச் சுரப்பியில் அதிகம் வரும், புற்றுநோய் அல்லாத கட்டி) இருந்தால், வெண்டைக்காய் நறுக்கிய கத்தியில் இழுபடுமே, அப்படி இழுபடும். கீம்சா சாயம் ஏற்றினால் நார்நாராக ஊதாச் சிவப்பு, நடுவே செல்கள். அவ்வளவுதான். கட்டி தன் உறையைத் தாண்டிப் பரவியிருக்கிறதா என்பதை இதில் பார்க்க முடியாது. திசு வேண்டுமென்றால் 14 முதல் 18 கேஜ் வரையுள்ள தடித்த ஊசியால் குச்சி போலச் சதையை எடுக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் எது நடந்தது என்று ரிப்போர்ட் படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று. இங்கே பயாப்ஸி என்றாலே ‘சதை டெஸ்ட்’தான். “சதையை வெட்டினா வாய் கோணிப் போகுமாமே தம்பி?” என்று போன வாரம் ஓர் ஆச்சி கையைப் பிடித்துக்கொண்டார்கள். பயத்தில் நியாயம் உண்டு. காதை ஒட்டிய கன்னச் சுரப்பிக்குள்தான் முக நரம்பு ஓடுகிறது. அங்கே வெட்டி எடுப்பதைத் தவிர்க்கத்தான் ஊசி. சீட்டில் ‘திசு’ என்று பார்த்தால் ஆச்சிக்கு மறுபடி சதைதான்.

ஆங்கிலப் பெயரில் ‘ஆஸ்பிரேஷன்’ இருக்கிறதே என்று ‘உறிஞ்சு’ என்பதையும் சேர்க்க வேண்டாம். சிரிஞ்சை இழுக்காமல் வெறும் ஊசியால் எடுப்பதும் உண்டு.

என் பரிந்துரை: நுண்ணூசிச் செல் ஆய்வு, பருவூசித் திசு ஆய்வு.

---

தம்பி,

செல் பற்றிச் சொன்னது சரி, என் ‘திசு’வை எடுத்துவிடுகிறேன். ஆனால் பருவூசி வேண்டாம். ‘பரு’ என்றதும் முகப்பருதான் நினைவுக்கு வரும், அதுவும் மருத்துவச் சீட்டில். அப்புறம், செல்லும் திசுவுமே வேறுபாட்டைக் காட்டிவிடும்போது ஊசியின் பருமன் எதற்கு? ஊசிச் செல் ஆய்வு, ஊசித் திசு ஆய்வு. அந்த ஆச்சியிடம் சொல்லிப் பாருங்கள்.