சின்ன வகுப்பில் பத்தி எழுத வைத்த அனுபவம்: மனதைவிட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

நாலாப்பு டீச்சர்:

'எங்கள் ஊர்த் திருவிழா' என்ற வழக்கமான தலைப்புதான். வழக்கமான பதில்களும் வந்தன. சித்திரையில் நடக்கும், ராட்டினம் வரும், அனைவரும் மகிழ்ச்சியாக இருப்பார்கள், எனக்கு மிகவும் பிடிக்கும். பெயரை மறைத்துவிட்டால் எது யாருடைய நோட்டு என்றே தெரியாது. ஒரு பையன் மட்டும் இப்படி எழுதியிருந்தான்:

"எங்க அப்பா ஜெனரேட்டர் ஓட்டுவார். நான் அது பக்கத்தில் சாக்கில் படுத்திருந்தேன். சாமி வந்ததும் அப்பா எழுப்பினார். மேளக்காரர் வேகமாக அடித்தார். எனக்கு மேளம் கேட்கவில்லை. ஜெனரேட்டர் சத்தம்தான் கேட்டது."

எழுத்துப்பிழையை மட்டும் இங்கே திருத்தியிருக்கிறேன். பள்ளிப் பார்வைக்கு வந்திருந்த அதிகாரி இதைப் படித்துவிட்டு, "திருவிழாவைப் பற்றி ஒன்றுமே இல்லையே, தலைப்பைவிட்டு வெளியே போய்விட்டான்" என்று சிவப்பு மையில் குறுக்கே கோடு போட்டார். பையன் மேசைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். அடுத்த வாரம் 'எனது பள்ளி' கொடுத்தேன். "எனது பள்ளி மிகவும் அழகானது" என்று ஆரம்பித்திருந்தான். அந்த அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

பத்தாம்வகுப்புத் தமிழ்:

டீச்சர், கோபித்துக்கொள்ளாதீர்கள். கோடு போட்டது அதிகப்படிதான். ஆனால் தலைப்பு என்று ஒன்று கொடுத்தால் அதற்கு நிற்கவும் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டும். உங்களிடமிருந்து வருகிறவர்கள் கடைசியில் எங்களிடம்தான் வருகிறார்கள். பொதுத்தேர்வில் குறிப்புகளைக் கொடுத்து எழுதச் சொல்லும் கட்டுரைக்கு 8 மதிப்பெண். முன்னுரை முதல் முடிவுரை வரை உட்தலைப்பு போட்டு, ஒவ்வொன்றின் கீழும் ஒரு பத்தி எழுத வேண்டும். அந்த நேரத்தில் ஜெனரேட்டர் கதை கைகொடுக்காது.

என் கதை இது. நன்றாகப் படிக்கிற பெண், ஒரு கருத்தின் பாதியில் திடீரென்று புதுப் பத்தி ஆரம்பித்திருந்தாள். முந்தைய வாக்கியம்கூட முடியவில்லை. "இங்கே ஏம்மா பிரிச்ச?" என்று கேட்டேன். "அங்கதான் சார் சாப்பாட்டு பெல் அடிச்சது. வந்து உட்கார்ந்து புதுசா ஆரம்பிச்சேன்" என்றாள். அத்தனை வருடம் கட்டுரை நோட்டு எழுதிய பிள்ளைக்குப் பத்தி எதற்குப் பிரிக்கிறோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. இதற்கு யாரிடம் கோபப்படுவது?

விரலிடைவெளி:

சின்னதாக ஒன்று. "பத்தி ஆரம்பிக்கும்போது ஒரு விரல் இடம் விடணும்" என்று மூன்றாம் வகுப்பில் சொன்னேன். ஒருத்தி எல்லா வரிக்கும் விட்டிருந்தாள். ஏன் என்று கேட்டால், "எல்லா வரியும் புதுசுதானே டீச்சர்?" என்கிறாள். அவள் எழுதியிருந்ததும் அப்படித்தான். எங்கள் வீட்டில் ஆடு இருக்கிறது. நான் இட்லி சாப்பிட்டேன். மழை வந்தது. யோசித்துப் பார்த்தால் அவள் செய்தது நியாயம்.

மொட்டுக்கும் மலருக்கும் நடுவில்:

தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் வகுப்பு எடுப்பவர்களுக்குப் புரியும். 2022இல் தொடங்கியபோது ஒன்று முதல் மூன்று வரை. அடுத்த வருடம் நான்கு, ஐந்துக்கும் வந்தது. கற்றல் நிலையை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்த மூன்று நிலைப் பிள்ளைகளும் ஒரே அறையில். இதில் பத்தியை எங்கே கொண்டுபோய் வைப்பது? அரும்பில் இருக்கிறவள் சொல்லட்டும், மலரில் இருக்கிறவள் எழுதட்டும் என்று ஜோடி சேர்த்துவிட்டேன்.

எழுத்துக்கூட்டவே திணறுகிற ஒருத்தி, அவர்கள் வீட்டு ஆடு குட்டி போட்டதைச் சொன்னாள். ராத்திரி மழை, பாட்டி டார்ச் பிடித்தது, இரண்டாவது குட்டி மூச்சு விடாதது, பாட்டி அதன் மூக்கில் ஊதிப் பார்த்தது, காலையில் அது செத்துக்கிடந்தது. ஒரு வாக்கியமும் தடம் மாறவில்லை. பக்கத்தில் இருந்தவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே வந்து, கடைசியில் "இரண்டு குட்டிகளும் மகிழ்ச்சியாக இருந்தன" என்று முடித்துவிட்டாள்.

சொன்னவளுக்கு வாசிக்கத் தெரியாது. நான் சத்தமாகப் படித்துக் காட்டியபோதுதான் தெரிந்தது. "நான் அப்படிச் சொல்லவே இல்ல!" என்று கத்தி, நோட்டைப் பிடித்து இழுத்து, அட்டை கிழிந்தது. எழுதினவள், "செத்துப்போச்சுன்னா எழுதுவாங்க? கட்டுரையில அப்படியெல்லாம் வரக்கூடாது" என்று அழுகிறாள். எட்டு வயதுக்குள் யார் இதைச் சொல்லிக்கொடுத்தார்கள்? தமிழ் சார், உங்கள் 8 மதிப்பெண்ணுக்குத் தயார் செய்யும் வேலை இங்கேயே ஆரம்பமாகிவிட்டது.

பத்தாம்வகுப்புத் தமிழ்:

ஆட்டுக்குட்டியை நான் கொல்லவும் இல்லை, பிழைக்க வைக்கவும் இல்லை. சட்டகம் வேண்டும் என்றுதான் சொன்னேன்.

ஈசூன் அம்மா:

நான் ஆசிரியர் இல்லை. சிங்கப்பூரில் மகள் தொடக்கநிலை ஐந்து. இங்கே படத்தைக் கொடுத்து, உதவிச்சொற்களைக் கொடுத்து எழுதச் சொல்வார்கள். துணைப்பாட வகுப்பில் சில தொடக்க வரிகளை மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைய கதை, இரவில் மின்தூக்கிக்குள் மாட்டிக்கொண்ட பிள்ளைகள். இவள் "கதிரவன் தன் பொற்கதிர்களை எங்கும் பரப்பிக்கொண்டிருந்தான்" என்று ஆரம்பித்து, அடுத்த வரியிலேயே "இரவு ஒன்பது மணிக்கு" என்று போகிறாள்.

"ராத்திரியில ஏதுடி கதிரவன்?" என்றேன். "அது ஓப்பனிங்மா. கதை அப்புறம்தான் ஆரம்பிக்கும்" என்று பொறுமையாக எனக்கு விளக்கினாள். நோட்டு திரும்பி வந்தது. அந்த வரிக்குப் பக்கத்தில் 'அருமையான தொடக்கம்'. தமிழ் சார் சொல்கிற சட்டகம் எங்கள் வீட்டில் வந்து நிற்கிற இடம் இதுதான். மகளிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் நோட்டில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தேன்.

வடமராட்சி:

இங்கே இலங்கையில் என்னிடம் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்த ஒரு பொடியன் வீட்டில் மூன்று கால் நாய் ஒன்று இருந்தது. 'நான் விரும்பும் பிராணி' என்று கேட்க, பசுவைப் பற்றி எழுதினான். ஏன் என்று கேட்டால், "ரியூசனில பசுதானே தந்தவை" என்றான். இவ்வளவுதான் என் கதை.

இனி, ரீச்சர்மார் ஒரு விசயம் யோசிக்க வேணும். முதலில் வாயால் சொல்ல வையுங்கள். கொப்பியைத் திறக்கவே விடாதீர்கள். ஒரு வசனம் (வாக்கியம்) சொன்னதும் நீங்கள் "ஏன்?", "எப்பிடி?", "பிறகு?" இந்த மூன்றில் ஒன்றைக் கேளுங்கள். பிள்ளை தருகிற பதில்தான் அடுத்த வசனம். பந்தி, நீங்கள் சொல்கிற பத்தி, தன்பாட்டில் வளரும். 'மிகவும்' என்ற சொல்லை ஒரு பள்ளித் தவணைக்குத் தடை செய்யுங்கள். "மிகவும் அழகானது" என்று எழுத முடியாவிட்டால் என்ன நிறம், எவ்வளவு உயரம் என்று சொல்லித்தானே ஆக வேணும். 'ஆனால்', 'அதனால்', 'அதற்குள்' போன்ற இணைப்புச் சொற்களை ஒரே நாளில் கொட்டாதீர்கள், கிழமைக்கு (வாரத்துக்கு) ஒன்று போதும்.

அடுத்தது, சீட்டு முறை. நல்ல பந்தி ஒன்றை வசனம் வசனமாக வெட்டி, சம்பந்தமில்லாத ஒரு வசனத்தையும் கலந்து குழுவுக்குக் கொடுங்கள். அடுக்கும்போது பிள்ளைகள் தாங்களே சண்டை பிடிப்பார்கள், அந்தச் சண்டைதான் பாடம். திருத்தும்போது எல்லாப் பிழையையும் சுழிக்க வேண்டாம். ஒருமுறை ஒழுங்கை மட்டும் பாருங்கள், எழுத்துப்பிழையை இன்னொருநாள் பார்க்கலாம். பிள்ளை பந்தி பிரிக்கவில்லை என்று பதறவும் வேண்டாம். ஏட்டுச்சுவடியில் பந்தியும் இல்லை, காற்புள்ளியும் இல்லை, ஓலை முழுக்க ஒரே ஓட்டம்தான். 19ஆம் நூற்றாண்டில் அச்சு பரவி, எங்கள் ஆறுமுக நாவலர் (1822–1879) போன்றவர்கள் உரைநடையில் நிறுத்தக்குறி போட்டுப் பழக்கிய பிறகுதான் பெரிய ஆட்களுக்கே இது கைவந்தது. விரலிடைவெளி ரீச்சரின் பிள்ளை ஒன்றும் குறைந்துபோகவில்லை.

நாலாப்பு டீச்சர்:

வடமராட்சி ஐயா, அந்த மூன்று கால் நாய்க்கு என்ன ஆனது என்று சொல்லாமல் மற்றதெல்லாம் சொல்லிவிட்டீர்கள்.

விரலிடைவெளி:

ஐயா, சீட்டு முறையைச் செய்து பார்த்தேன். முதலில் நடைமுறைப் பிரச்சினை. ஃபேன் போட்டால் சீட்டு பறக்கிறது, நிறுத்தினால் வகுப்பே புழுங்குகிறது. அப்புறம் காலண்டர் அட்டையை வெட்டிக் கொடுத்தேன். கிணற்றில் விழுந்த பூனையை எடுத்த கதை. நடுவில் "பூனை பால் குடிக்கும்" என்று ஒரு சீட்டைச் சேர்த்திருந்தேன். ஒரு குழு அதைக் கடைசியில் வைத்தது. மேலே எடுத்தபிறகு பால் கொடுத்தார்களாம். இன்னொரு குழுவில் ஒருவன் அதைத் தனியாகத் தள்ளிவைத்துவிட்டு, "இது எல்லாப் பூனைக்கும் டீச்சர். இந்தப் பூனைக்கு இல்ல" என்றான். தலைப்புக்கு நிற்பது என்று தமிழ் சார் சொன்னாரே, அதை நானாக இருந்தால் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

அடுத்த வாரத்துக்கு இப்படி வெட்டுவதற்கு ஏற்ற பத்தி யாரிடமாவது இருந்தால் போடுங்கள். மூன்றாம் வகுப்புக்கு. ஐந்தாறு வாக்கியம் போதும். 'எனது பள்ளி' மட்டும் வேண்டாம்.