99 வருஷக் குத்தகை சொந்த நிலம் ஆகுமா? அறுகம்பே போகிறவர்கள் பதில் சொல்லுங்கள்

சைதை பத்திரக்காரர்:
இரண்டு நாளாகப் பொறுத்துப் பார்த்தேன், இனி முடியாது. 'கடலோரக் கனவு' என்பவர் இங்கே எழுதியது இது: "இலங்கையில் அறுகம்பே கடற்கரையில் 99 வருஷக் குத்தகைக்கு இடம் எடுத்து, நாலு அறை விடுதியும் ஒரு டிபன் கடையும் போடப் போகிறேன். 99 வருஷம் என்றால் சொந்தம்தான். பேரன் காலம் வரைக்கும் யாரும் அசைக்க முடியாது." இதைப் படித்துவிட்டு, வேளச்சேரி வீட்டை விற்றுவிட்டு நானும் வரட்டுமா என்று கீழே ஆட்கள் கேட்கிறார்கள்.

பத்திரம் எழுதியே தலை நரைத்தவன் சொல்கிறேன். குத்தகை குத்தகைதான். இலங்கையின் 2014ஆம் ஆண்டு 38ஆம் இலக்கக் காணிச் சட்டம் வெளிநாட்டவருக்கு நிலத்தை விற்கக் கூடாது என்கிறது. வெளிநாட்டார் பங்கு பாதியோ அதற்கு மேலோ இருக்கிற கம்பெனிக்கும் அதே தடை. குத்தகைக்கு அனுமதி உண்டு, அதற்கும் உச்சவரம்பு 99 வருஷம். சொந்தம் என்றால் வரம்பு எதற்கு?

கடலோரக் கனவு:
ஐயா, அத்தனை பெரிய பதிவில் உங்கள் கண்ணில் பட்டது அந்த ஒரு வரிதானா? ஏப்ரலில் இருந்து அக்டோபர் வரை அங்கே அலைச்சறுக்கு சீசன். ஐரோப்பாவில் இருந்தும் ஆஸ்திரேலியாவில் இருந்தும் பலகையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பக்கத்து ஊரான பொத்துவில் பக்கம் தமிழே பேசிச் சமாளிக்கலாம். காலையில் கடலில் இருந்து பசியோடு கரையேறுகிறவனுக்குச் சூடாக இட்லி, பொங்கல், வடை. இதை எல்லாம் எழுதியிருந்தேன்.

99க்கே வருகிறேன். மயிலாப்பூரில் கோயில் மனையில் தலைமுறை தலைமுறையாக வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். அவர்களிடம் போய் இது உங்கள் வீடு இல்லை என்று சொல்லிப் பாருங்கள்.

சைதை பத்திரக்காரர்:
நல்ல ஆளிடம் மயிலாப்பூரைப் பேசுகிறீர்கள். அந்தத் தெருக்காரர்கள் என் மேஜைக்கு வந்து அழுத கதை எனக்குத் தெரியும். சுவர் அவர்களுடையது, மண் சாமியுடையது. அறநிலையத் துறைச் சட்டம் 34ஆம் பிரிவின்படி ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையர் ஒப்புதல் வேண்டும். நியாய வாடகை என்று அவ்வப்போது மனை வாடகையை ஏற்றுவார்கள். அந்த இடத்தை வைத்து வங்கியில் கடன் கேட்டால் பட்டா எங்கே என்பார்கள். தாத்தா கட்டிய வீட்டில் பேரன் வாடகைதாரர். இதைத்தான் சொந்தம் என்கிறீர்களா?

இன்னொன்று. நம் பதிவுத் துறையில் விற்பனைக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், 30 வருஷத்துக்கு மேல் 99 வருஷம் வரையிலான குத்தகைக்கு 4 சதவீதம். வரி வாங்குகிற அரசாங்கமே இரண்டையும் ஒன்றாகப் பார்க்கவில்லை, நீங்கள் பார்க்கிறீர்கள்.

கோவளத்துக்காரன்:
எதற்கு ஐயா கடல் தாண்டிப் போக வேண்டும்? நம் கோவளத்தில் அலை இல்லையா? சுத்தமான கடற்கரைக்குத் தருகிற சர்வதேச நீலக்கொடிச் சான்றை 2021ல் வாங்கிய கடற்கரை இது. எங்கள் மீனவப் பையன்கள் எத்தனை பேருக்குப் பலகை ஏறச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்! இட்லியை இங்கே போடுங்கள்.

கடலோரக் கனவு:
கோவளத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி நிலம் என்ன விலை என்று தெரியாமலா பேசுகிறீர்கள்? போன வருஷம் நான் அங்கே இடம் கேட்டபோது 'வெளியாளுக்குச் சரிவராது' என்று சொன்னது நீங்கள்தான். நான் மறக்கவில்லை.

கோவளத்துக்காரன்:
வெளியாள் என்று நான் சொல்லவே இல்லை. கடலைத் தெரியாத ஆளுக்குச் சரிவராது என்றேன். இப்போதும் அதைத்தான் சொல்கிறேன்.

கல்முனைத் தம்பி:
நான் வளசரவாக்கத்தில் இருக்கிறேன், ஊர் இலங்கைக் கிழக்குக் கரையில் கல்முனை. அண்ணன்மார் 99ஐப் பிடித்துக்கொண்டு கதைக்கிறீர்கள். முதலில் பார்க்க வேண்டியது அது உறுதிக் காணியா, அதாவது பத்திரம் உள்ள சொந்த நிலமா, இல்லாட்டி பெர்மிட் காணியா என்று. எங்கட பக்கத்தில் நிறையக் காணி அரசாங்கம் பெர்மிட்டில் கொடுத்தது. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் வரும். பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் அதைக் கைமாற்ற ஏலாது. அப்படிக் காணி வைத்திருக்கிறவர் உங்களுக்கு 99 வருஷம் எழுதித் தந்தாலும் ஒன்பது வருஷம் எழுதித் தந்தாலும் பிரயோசனம் இல்லை.

அடுத்தது, கடலில் இருந்து 300 மீட்டர் வரை கரையோர வலயம். அதுக்குள்ள கட்டுவதென்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேணும். 2004 சுனாமியில் அறுகம்பேப் பாலமே போனது. தண்ணீர் எவ்வளவு உள்ளே வந்தது என்று அங்கே ஆரிடமும் கேளுங்கோ. நவம்பரில் வாடைக்காற்று மழை தொடங்கினால் முக்கால்வாசிக் கடை பூட்டு.

சைதை பத்திரக்காரர்:
அந்த இலங்கைப் பையன் சொல்வதும் என் கட்சிதான். ஹாங்காங்கைப் பாருங்கள். 1898ல் புதிய பிரதேசங்களை 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த பிரிட்டன், 1997ல் ஹாங்காங்கையே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனது. அத்தனை பெரிய ராஜ்ஜியத்துக்கே 99 முடிந்தால் முடிந்ததுதான்.

கல்முனைத் தம்பி:
எனக்கு ஐம்பது வயது. பையன் என்று கூப்பிட வேண்டாம். நான் உங்கட கட்சியும் இல்லை.

கடலோரக் கனவு:
நான் டிபன் கடை போடப் போகிறேன் ஐயா, காலனி பிடிக்கப் போகவில்லை. இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017ல் 99 வருஷக் குத்தகைக்குத்தானே எடுத்தார்கள் சீனாக்காரர்கள்? நூறு கோடி டாலருக்கு மேல் போட்டவனுக்குப் போதுமான 99, என் 40 பேர்ச்சுக்குப் போதாதா? 40 பேர்ச் என்றால் ஐந்து கிரவுண்ட். சென்னையில் ஐந்து கிரவுண்ட் எனக்கு யார் கொடுப்பார்கள்?

சைதை பத்திரக்காரர்:
ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. 40 பேர்ச் 10,890 சதுர அடி. கிரவுண்ட் 2,400. நாலரைதான் வருகிறது. அரை கிரவுண்டை எங்கே இருந்து கொண்டுவந்தீர்கள்? அளவையே சரியாகப் போடாதவர் சொந்தம் என்றால் என்ன என்று எனக்குப் பாடம் எடுக்கிறார்.

கடலோரக் கனவு:
தோராயமாகச் சொன்னேன். அரை கிரவுண்டுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?

சைதை பத்திரக்காரர்:
தி.நகரில் அரை கிரவுண்டுக்கு அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போகிறார்கள்.

நங்கநல்லூர் கணக்கர்:
அளவுச் சண்டையை நிறுத்திவிட்டுப் பணத்தைப் பேசுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடியது 2,50,000 டாலர் வரை. இப்படி முதலீட்டுக்கு அனுப்பும்போது 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு வங்கி 20 சதவீதம் வரி பிடித்துக்கொள்ளும். கணக்குத் தாக்கல் செய்யும்போது அதை ஈடுகட்டிக்கொள்ளலாம், ஆனால் அதுவரை அந்தப் பணம் கையில் இருக்காது. கட்டடம் பாதியில் நிற்பது பெரும்பாலும் இப்படித்தான்.

நாணயத்தையும் பாருங்கள். 2022ல் ஒரு டாலர் 200 இலங்கை ரூபாய் அளவில் இருந்து 350ஐத் தாண்டியது. குத்தகைப் பணம் டாலரிலா, அவர்கள் ரூபாயிலா? கனவு சார் இதைச் சொல்லவே இல்லை.

சைதை பத்திரக்காரர்:
அம்மா, அதெல்லாம் அப்புறம். 99 வருஷம் சொந்தமா இல்லையா? அதைச் சொல்லுங்கள்.

நங்கநல்லூர் கணக்கர்:
கேட்ட கேள்வியையே எத்தனை தடவை கேட்பீர்கள்? போட்ட பணம் பத்து வருஷத்தில் திரும்பினால் மிச்ச வருஷங்களைப் பற்றி வியாபாரி ஏன் கவலைப்பட வேண்டும்? நீங்கள் பதிவு அலுவலகத்து வாசலிலேயே நிற்கிறீர்கள்.

சைதை பத்திரக்காரர்:
அந்த வாசலில் நின்றதால்தான் எத்தனையோ குடும்பம் தப்பித்தது. வாயால் சொந்தம் என்று விற்றுவிட்டு, பத்திரத்தில் வேறு மாதிரி எழுதுகிறவர்களை வாழ்க்கை முழுக்கப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் அந்த ஒரு வார்த்தையில் நிற்கிறேன்.

கோவளத்துக்காரன்:
2024 அக்டோபரில் அறுகம்பேயில் தாக்குதல் நடக்கலாம் என்று அமெரிக்கத் தூதரகமே எச்சரித்தது. ஒரே அறிவிப்பில் ஊர் காலியாகும். கோவளத்தில் அந்தத் தொல்லை இல்லை.

கல்முனைத் தம்பி:
ஊர் காலியாகவில்லை. அடுத்த சீசனுக்கும் ஆட்கள் வந்தார்கள். எங்கட ஊரைப் பற்றி இப்படிக் கதைக்காதீங்கோ. கனவு அண்ணன், இரண்டாம் தரம் கேட்கிறேன். உறுதிக் காணியா, பெர்மிட் காணியா?

கடலோரக் கனவு:
அதை ஏஜென்ட் பார்த்துக்கொள்வார். எல்லாம் கிளியர் என்று சொல்லியிருக்கிறார். ஏப்ரலில் கடை திறக்கிறேன், யார் என்ன சொன்னாலும்.

கல்முனைத் தம்பி:
ஏஜென்ட் எந்த நொத்தாரிசிடம், அதுதான் பத்திரம் எழுதுகிற நோட்டரியிடம், உறுதியைக் காட்டினார்?

சைதை பத்திரக்காரர்:
தம்பி, நொத்தாரிசு இருக்கட்டும். குத்தகையை இடையில் முறிக்கும் ஷரத்து ஒன்று பத்திரத்தில் இருக்கும். கனவு, அந்தப் பக்கத்தை இங்கே போடுங்கள். 99 எங்கே வரை தாங்கும் என்று நான் காட்டுகிறேன்.

கடலோரக் கனவு:
போட முடியாது. என் பத்திரம், என் இடம்.

சைதை பத்திரக்காரர்:
பத்திரம் உங்களுடையது. இடம் இல்லை.