2010ல யாழ்ப்பாணம் ஏன் பொன்சேகாவுக்குப் போட்டது?

கொக்குவில் பெடியன்:
அந்த ஜனாதிபதித் தேர்தல் நடக்கேக்க நான் சின்னப்பிள்ளை. நேற்றுப் பழைய முடிவுகளைப் பாத்தன். யாழ் மாவட்டத்தில பொன்சேகாவுக்கு 63 வீதத்துக்கு மேல, மகிந்தவுக்கு 25 கூட இல்லை. சண்டை முடிஞ்சு எட்டு மாதம்தான். அந்த ஆமியை நடத்தினவரே பொன்சேகாதானே? போட்ட ஆக்கள் இருந்தாச் சொல்லுங்கோ, என்னத்தை நினைச்சுப் போட்டனீங்கள்?

கோப்பாய் வாத்தி:
தம்பி, வீதத்தை மட்டும் பாக்காதேங்கோ. யாழ்ப்பாணத்தில வாக்குச்சாவடிக்குப் போனதே நாலில ஒரு பங்கு சனம். என்ர தகப்பனார் போகேல்ல, "ரெண்டு பேரும் ஒண்டுதான்" எண்டு சாய்மனைக் கதிரையில இருந்திட்டார்.

நான் போய் பொன்சேகான்ர அன்னச் சின்னத்துக்குப் போட்டனான். 2008ல கனடாப் பேப்பர் ஒண்டுக்கு, இந்த நாடு சிங்களவருக்குரியது எண்டு சொன்ன மனுசன் அவர். அது எனக்கு நல்லாத் தெரியும். ஆனா மனிசியின்ர தமக்கை குடும்பம் அப்பவும் சண்டையில இடம்பெயர்ந்த சனத்தை வச்சிருந்த செட்டிகுளம் முகாமுக்குள்ள. மகிந்தவின்ர வெற்றிலைச் சின்னம் போனால் கதவு கெதியாத் திறக்குமோ எண்டொரு நப்பாசை. தமிழ் வேட்பாளரா சிவாஜிலிங்கத்தாரும் நிண்டவர்தான், வெல்லப்போறவர் இல்லையே. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் அன்னத்துக்கு எண்டு சொல்லிப்போட்டுது.

இன்னொண்டும் கதைச்சனாங்கள். சண்டையை நடத்தினவைக்குள்ள அடிபாடு வந்தால் உள்ளுக்க நடந்தது வெளியில வரும் எண்டு. சரணடைய வந்த புலித் தலைவர்களைச் சுடச் சொன்னது எண்ட வெள்ளைக்கொடிக் கதை 2009 டிசம்பரில பொன்சேகான்ர பேட்டியாலதானே கொழும்புப் பேப்பரில வந்தது. பிறகு விளக்கம் சொல்லிப் பின்வாங்கினவர். எண்டாலும் அதுக்கெண்டே 2011ல மூண்டு வருசச் சிறை போட்டாங்கள்.

மட்டக்களப்பான்:
எங்கட பக்கமும் அன்னம்தான். அவர் வெண்ட மாவட்டங்களைப் பாருங்க: யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு, திருகோணமலை, திகாமடுல்ல (அம்பாறை), நுவரெலியா. போரை வெண்ட தளபதிக்குச் சிங்களவர் பெரும்பான்மையா இருக்கிற மாவட்டம் ஒண்டு கூடக் கிடைக்கல்ல! எதிர்க்கட்சிகளான யூஎன்பியும் ஜேவிபியும் சேர்ந்து தூக்கியும் மொத்தம் 40 வீதம். வெற்றிப் பெருமை முழுக்க மகிந்தட கணக்கில போய்ச் சேர்ந்திட்டு.

வெள்ளவத்தைக்காரி:
அதுக்குப் பிறகு பொன்சேகாவுக்கு நடந்ததும் சின்னக் கதையில்லை. தேர்தல் முடிஞ்சு ரெண்டு கிழமைக்குள்ள கைது, பிறகு இராணுவத் தரமும் பறிபோச்சு. உள்ளுக்க இருந்தபடியே ஏப்ரலில கொழும்பில எம்பியா வந்தார். 30 மாதத் தண்டனை அந்த ஆசனத்தையும் பறிச்சுது. 2015ல ஜனாதிபதியா வந்த மைத்திரி மன்னிப்புக் குடுத்து பீல்ட் மார்ஷலும் ஆக்கினார். அதே வருசம் சொந்தக் கட்சியில கேட்டு ஒரு ஆசனமும் இல்லை. யூஎன்பி தேசியப்பட்டியலால உள்ள எடுத்து மந்திரியாக்கினது. 2024 ஜனாதிபதித் தேர்தலில தனிச்சு நிண்டு எடுத்தது 22,407 வோட்டு. 2010ல 41 லட்சத்துக்கு மேல எடுத்த ஆள்! ஆமியில கட்டளை போட்ட பழக்கத்தில கட்சி நடத்த வெளிக்கிட்டால் இப்பிடித்தான்.

கொக்குவில் பெடியன்:
நன்றி. சேர், 2015ல மைத்திரிக்குப் போட்டதும் இதே கணக்கோ?

கோப்பாய் வாத்தி:
அதுக்கு வேற திரி திறவுங்கோ தம்பி. அதில எனக்கும் மனிசிக்கும் இன்னும் கொழுவல்.